‘ஸ்டாக் இல்லை’ - கடைக்கு வரும் வழியில் விழும் மூன்று பூட்டுகள்!

மதுரை தல்லாகுளத்தில் மெடிக்கல் ஷாப்புக்குப் பஞ்சமில்லை. ராஜாஜி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருப்பதால், கோரிப்பாளையத்திலிருந்து பெருமாள் கோயில் வரை நடந்தாலே வழியெல்லாம் மருந்துக்கடைகள்தான். அப்படிப்பட்ட ஏரியாவிலும், அவ்வப்போது யாராவது ஒருவர் சீட்டை நீட்டிவிட்டு இந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்புவது உண்டு. “ஸ்டாக் இல்லண்ணே, நாளைக்கு வந்து பாருங்க.”

மறுநாள் போனால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதனால் அந்த வார்த்தையை நாம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் அதே பதில் மாதக்கணக்கில், மருந்துக்கு மட்டுமல்லாமல் பாலுக்கும் அரிசிக்கும் கேஸுக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்துக் கிடைத்தால்? தனுஷ்கோடியிலிருந்து 30 கிலோமீட்டர் தூரத்துக் கடலைத் தாண்டினால் இருக்கும் இலங்கையில் 2022-ல் நடந்தது அதுதான். உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்றான பிரிட்டனிலும், ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறிய பிறகு, இதன் சிறிய வடிவத்தை மக்கள் பார்த்தார்கள்.

தட்டுப்பாடு என்றால் ‘பொருளே உலகத்தில் இல்லை’ என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. பொருள் எங்கோ ஓர் இடத்தில் இருக்கும். வரும் வழியில்தான் பூட்டு விழுந்திருக்கும். அந்தப் பூட்டில் முக்கியமானவை மூன்று. எந்தப் பூட்டு என்று தெரிந்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும் தெரிந்துவிடும்.

*முதல் பூட்டு: பணம்*

2022-ல் இலங்கைக்குக் கப்பல்கள் வராமல் இல்லை. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எரிபொருள் கப்பல்கள் வந்து நின்றன. துறைமுகத்துக்குள் உணவுப் பொருள்கள் இருந்த கன்டெய்னர்கள் ஆயிரத்துக்கும் மேல் தேங்கிக் கிடந்தன. இறக்கிக்கொள்ள டாலர்தான் இல்லை.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததில்லை. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் சுற்றுலாவை முடக்கின. அந்த ஆண்டு இறுதியில் புதிய அரசு வரிகளைப் பெரிதாகக் குறைத்ததால் அரசின் வருமானம் சரிந்தது. அடுத்து கொரோனா வந்து, மிச்சமிருந்த சுற்றுலா வருமானத்தையும் கொண்டுபோனது. 2021-ல் ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரெனத் தடை போட்டார்கள். நெல் விளைச்சல் குறைந்தது, தேயிலை அடிவாங்கியது. ஏற்றுமதி செய்து டாலர் கொண்டுவர வேண்டிய நாடு, அரிசியையே டாலர் கொடுத்து வாங்க வேண்டிய நிலைக்கு வந்தது. பல ஆண்டுகளாகச் சேர்ந்த வெளிநாட்டுக் கடன் இன்னொரு பக்கம் அழுத்தியது.

2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலர் அந்நியச் செலாவணி வைத்திருந்த நாடு அது. 2022 மே மாதத்தில், செலவழிக்கக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று அந்நாட்டு நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார். அதற்கு முன்பே, ஏப்ரல் 12-ம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்துவிட்டது.

கணக்குப் புத்தகத்தில் நடந்த இந்தச் சரிவு வீட்டுக்குள் எப்படி வந்தது? இலங்கை வீடுகளில் டீ என்றால் பெரும்பாலும் பால்மாவில் போட்டதுதான். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பாக்கெட்டின் விலை ஒரே தடவையில் 250 ரூபாய் ஏறி, 790 இலங்கை ரூபாய் ஆனது. அந்த விலை கொடுத்தாலும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கவில்லை. அச்சடிக்கக் காகிதமும் மையும் இல்லாததால் மேல் மாகாணத்தில் பள்ளித் தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன. இரண்டு நாளிதழ்கள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. எரிபொருள் வரிசையில் மணிக்கணக்கில் நின்ற முதியவர்கள் சிலர் வரிசையிலேயே உயிரிழந்தார்கள்.

2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் 94.9 சதவிகிதத்தைத் தொட்டது. அதாவது, முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு ஏறத்தாழ 195 ரூபாய். சம்பளம் அப்படியே இரு மடங்காகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

*மருந்துக்கு மாற்று இல்லை*

அரிசி விலை ஏறினால் ஒரு வேளையைக் குறைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு. பால் இல்லையென்றால் கடுங்காப்பி. மருந்தில் அந்த வசதி கிடையாது. பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ள முடியாது. டயாலிசிஸை அடுத்த மாதத்துக்குத் தள்ள முடியாது.

இலங்கை தன் மருந்துத் தேவையில் 80 சதவிகிதத்துக்கு மேல் இறக்குமதியை நம்பியிருந்தது. டாலர் தீர்ந்தபோது மருத்துவமனை அலமாரிகளும் காலியாகத் தொடங்கின. கண்டிக்கு அருகிலுள்ள பேராதனை போதனா மருத்துவமனையில், 2022 மார்ச் இறுதியில், திட்டமிட்டிருந்த அறுவை சிகிச்சைகளை நிறுத்திவைத்து அவசர சிகிச்சைகளை மட்டும் செய்ய வேண்டியதானது. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், அந்தச் செய்தியைப் பார்த்து, உடனே உதவுமாறு இந்தியத் தூதரகத்துக்குச் சொன்னார்.

அதே மார்ச் மாதம் 22-ம் தேதி, குழந்தைகள் உட்பட 16 இலங்கைத் தமிழர்கள் படகேறி தனுஷ்கோடிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் உயிருக்குப் பயந்து வந்த அதே கடல்வழி. இந்த முறை துரத்தியது பசியும் விலைவாசியும். மண்டபம் முகாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அதன் பிறகு அப்படி வந்தவர்களின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்குத் தட்டுப்பாடு புதிதல்ல. 1990-ல் போர் மீண்டும் மூண்டபோது, வடக்குக்குப் பெட்ரோல், பேட்டரி, சிமென்ட், உரம் எனப் பல பொருள்களைக் கொண்டுசெல்ல இலங்கை அரசு தடைபோட்டது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு, துளி எண்ணெயில் எரியும் விளக்கின் வெளிச்சத்தில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. 2006 ஆகஸ்டில் ஏ-9 சாலை மூடப்பட்டபோது மறுபடியும் அதே கதை. 2022-ல் ஒரே வித்தியாசம், இந்த முறை வடக்கும் தெற்கும் ஒரே வரிசையில் நின்றன.

*தூத்துக்குடியிலிருந்து கிளம்பிய அரிசி*

பணம்தான் பூட்டு என்றால், பொருளையே கொடுத்தால் பூட்டைத் தாண்டிவிடலாம். தமிழ்நாடு செய்தது அதைத்தான். 2022 ஏப்ரல் 29-ம் தேதி சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. 80 கோடி ரூபாய் மதிப்பில் 40,000 டன் அரிசி, 28 கோடி ரூபாய் மதிப்பில் 137 வகை மருந்துகள், 15 கோடி ரூபாய் மதிப்பில் 500 டன் பால் பவுடர். தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காமல், இலங்கை மக்கள் அனைவருக்கும் என்று முடிவானது.

மத்திய அரசின் அனுமதி கிடைத்து, மே 18-ம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், 24 டன் மருந்துகள். ஜூன் 22-ம் தேதி தூத்துக்குடியிலிருந்து இரண்டாவது கப்பல் 14,700 டன்னுக்கு மேல் அரிசியோடு கிளம்பியது. மீதி ஜூலையில் போனது. மதுரையிலிருந்து தூத்துக்குடி மூன்று மணி நேரப் பயணம். நாம் அரிசி கொடுத்த கை என்பதோடு இந்தக் கதை முடிந்துவிட்டால் நல்லதுதான். ஆனால் முடியவில்லை. ஏன் என்பதை மூன்றாவது பூட்டில் பார்க்கலாம்.

*இரண்டாவது பூட்டு: காகிதம்*

பிரிட்டனில் பணத்துக்குக் குறைவில்லை. கடைகளும் பெரியவை. அங்கே பூட்டுப் போட்டது படிவங்கள்.

2016 ஜூன் 23-ம் தேதி நடந்த பொது வாக்கெடுப்பில், ஐரோப்பிய யூனியனிலிருந்து விலக பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31-ல் நாடு விலகியது. அந்த ஆண்டின் கடைசி நாளோடு பொதுச் சந்தையிலிருந்தும் வெளியே வந்தது. அதுவரை ஸ்பெயினில் தக்காளி ஏற்றிய லாரி லண்டன் போவது, ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிய லாரி சென்னை போவதுபோலத்தான். நடுவில் யாரும் நிறுத்த மாட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் இடையில் ஓர் எல்லை முளைத்தது. சுங்க அறிக்கை, இறைச்சிக்கும் பாலுக்கும் கால்நடை மருத்துவரின் சான்றிதழ், பரிசோதனை.

ஜி.எஸ்.டி வருவதற்கு முன் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றது நினைவிருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். 2017-ல் நாம் மாநில செக்போஸ்ட்டுகளை எடுத்தோம். நான்காண்டுகள் கழித்து பிரிட்டன் ஒன்றைப் புதிதாக வைத்துக்கொண்டது.

புதிய விதியின் முதல் வாரங்களில், நெதர்லாந்து துறைமுகத்தில் பிரிட்டனிலிருந்து வந்த லாரி டிரைவர்களின் சாப்பாட்டு சாண்ட்விச்சுகளைக்கூட அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். உள்ளே இறைச்சி இருந்ததுதான் காரணம். வட அயர்லாந்தில் சில சூப்பர் மார்க்கெட் அலமாரிகள் காலியாக இருந்தன. கிழக்கு ஐரோப்பிய டிரைவர்கள் பலர் ஊர் திரும்பிவிட, கொரோனாவால் லைசென்ஸ் தேர்வுகளும் நின்றுபோக, ஒரு லட்சம் லாரி டிரைவர்கள் பற்றாக்குறை என்று அங்குள்ள லாரி உரிமையாளர் சங்கம் சொன்னது. 2021 செப்டம்பரில் பெட்ரோல் பங்க்குகளில் நீண்ட வரிசை. அக்டோபர் 4-ம் தேதி முதல் ராணுவ வீரர்கள் டேங்கர் லாரி ஓட்டினார்கள்.

எல்லாப் பழியையும் பிரெக்ஸிட் மேல் போட்டுவிடவும் முடியாது. 2023 பிப்ரவரியில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் ஓர் ஆளுக்கு இத்தனை தக்காளி, இத்தனை வெள்ளரிதான் என்று அளவு வைத்தன. ஸ்பெயினிலும் மொராக்கோவிலும் வானிலை கெட்டது முக்கியக் காரணம். கண்ணாடிக் கூடாரங்களைச் சூடேற்றும் செலவு ஏறியது இன்னொரு காரணம். ஆனால் சங்கிலியில் ஏற்கெனவே ஒரு கண்ணி தளர்ந்திருந்தால், அடுத்து வரும் எந்த அடியும் பலமாகவே விழும்.

மருந்தில் அது தெளிவாகத் தெரிந்தது. சுகாதாரத் துறையை ஆராயும் நஃபீல்டு அறக்கட்டளை 2024-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ‘இந்த மருந்து தட்டுப்பாடாகலாம்’ என்று மருந்து நிறுவனங்கள் கொடுத்த எச்சரிக்கைகள் 2020-ல் 648. 2023-ல் 1,634. பிரெக்ஸிட்தான் இதை உருவாக்கியது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. உலகளாவிய தட்டுப்பாட்டைத் தாங்கும் சக்தியைக் குறைத்தது என்றது. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் போவதும் அதே மருந்தகங்களுக்குத்தான்.

*மூன்றாவது பூட்டு: விற்பவர் போடுவது*

சில நேரம் வாங்குபவரிடம் பணம் இருக்கும், காகிதமும் சரியாக இருக்கும். விற்பவர் கதவைச் சாத்திவிடுவார். இந்தப் பூட்டை நாமும் போட்டிருக்கிறோம், நம் மீதும் போட்டிருக்கிறார்கள்.

கொரோனா தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 3-ம் தேதி, பாராசிட்டமால் உட்பட 26 மருந்துகள் மற்றும் மருந்து மூலப்பொருள்களின் ஏற்றுமதியை இந்தியா கட்டுப்படுத்தியது. இந்திய மருந்தை நம்பியிருந்த நாடுகள் பதறின. 2023 ஜூலை 20-ம் தேதி, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. உள்ளூரில் விலை ஏறாமல் பார்த்துக்கொள்ள எடுத்த முடிவு அது. ஆனால் செய்தி வந்த அன்றே அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் நம் ஆட்கள் வண்டி நிறைய அரிசி மூட்டைகளை அள்ளினார்கள். கடைக்காரர்கள் ‘குடும்பத்துக்கு ஒரு மூட்டை’ என்று போர்டு வைக்க வேண்டியதானது. அந்தத் தடை விலகியது 2024 செப்டம்பரில்தான்.

இப்போது நம் பக்கம். தல்லாகுளம் ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். இந்தியா தன் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான் செய்கிறது. பாமாயில் முக்கியமாக இந்தோனேஷியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் ஏற்கெனவே சிக்கலில் இருந்த நேரத்தில், 2022 ஏப்ரல் 28-ம் தேதி இந்தோனேஷியா தன் பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. மே 23-ல் திறந்துவிட்டது. அந்த மூன்றரை வாரம் இன்னும் நீண்டிருந்தால், வடைச்சட்டி வைக்கும் ரோட்டோரக் கடையிலிருந்து வீட்டுத் தாளிப்பு வரை எல்லாம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

வெளிநாடே காரணமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. 2024 மே மாதம், மக்களவைத் தேர்தல் நேரத்தில், தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம் பருப்பும் பாமாயிலும் பலருக்குக் கிடைக்கவில்லை. டெண்டர் நடைமுறை தாமதமானதே காரணம். மே மாதம் வாங்காதவர்கள் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. அதுவும் ஒரு காகிதப் பூட்டுதான், உள்ளூரில் செய்தது.

மருந்திலும் நிலைமை யோசிக்க வைப்பதுதான். ‘உலகின் மருந்துக்கடை’ என்று இந்தியாவுக்குப் பெயர். ஆனால் நாம் இறக்குமதி செய்யும் மருந்து மூலப்பொருள்களில் மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. மாத்திரை இங்கே உருவாகிறது, மாவு அங்கிருந்து வருகிறது. இதை மாற்றத்தான் 2020-ல் மத்திய அரசு, மூலப்பொருள்களை இங்கேயே தயாரிப்பவர்களுக்கு 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது.

*நமக்கு இருக்கும் கவசம்*

பயமுறுத்துவதோடு நிறுத்திவிட்டால் நியாயமாகாது. தமிழ்நாட்டுக்கு நல்ல கவசங்கள் சில இருக்கின்றன. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்துக் கொடுக்கிறது. எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு அது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை.

கிட்டத்தட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் ரேஷன் கார்டு இருக்கிற மாநிலம் இது. காய்கறிக்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ம் தேதி திறக்கப்பட்டது நம் மதுரை அண்ணா நகரில்தான். பக்கத்துக் கிராமத்திலிருந்து விவசாயியே கொண்டுவரும் கத்திரிக்காய்க்கு டாலரும் வேண்டாம், சுங்கச் சான்றிதழும் வேண்டாம். வழி குறுகினால் பூட்டு விழும் இடங்களும் குறையும்.

*வீட்டில் செய்யக்கூடியவை*

சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு, இதயம் என்று தினசரி மாத்திரை எடுப்பவர்கள் இருக்கும் வீட்டில், கடைசி மாத்திரையைப் போட்ட பிறகு கடைக்குப் போகும் பழக்கத்தை விட வேண்டும். பத்துப் பதினைந்து நாளைக்கான மாத்திரை எப்போதும் கையில் இருக்கட்டும்.

மாத்திரையின் பிராண்ட் பெயரோடு, அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிராண்ட் இல்லாவிட்டாலும் அதே மருந்து வேறு பெயரில் இருக்கலாம். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவாகவும் கிடைக்கலாம். மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம். வலிப்பு, தைராய்டு மருந்துகளில் கேட்காமல் மாற்றவே கூடாது.

மாத்திரை கிடைக்கவில்லை என்று அளவை நீங்களே குறைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை வாங்கிப் போடுவதும் வேண்டாம். இன்சுலினை ஆறு மாதத்துக்கு வாங்கி அடுக்கினால், ஒரு நீண்ட மின்வெட்டில் அத்தனையும் வீணாகலாம்.

கடைசியாக ஒன்று. 2021-ல் பிரிட்டனில் பெட்ரோல் தீர்ந்துபோகவில்லை. சுத்திகரிப்பு ஆலைகளில் இருந்தது. சில பங்க்குகளில்தான் தாமதம். ‘தீரப்போகிறது’ என்ற செய்தி பரவியதும் எல்லோரும் ஒரே நாளில் டேங்கை நிரப்பக் கிளம்பினார்கள், பங்க்குகள் நிஜமாகவே காலியாகின. 2020 மார்ச்சில் இங்கே மாஸ்க்கும் சானிட்டைசரும் கடைகளிலிருந்து மறைந்ததும் இப்படித்தான்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததும் பத்து பாக்கெட் எண்ணெய் வாங்கி வைக்க, கையில் பணம் இருப்பவரால் முடியும். தினக்கூலி வாங்கி, அன்றன்றைக்கு அரை லிட்டர் வாங்குபவரால் முடியாது. மாலை வேலை முடிந்து அவர் கடைக்கு வரும்போது அலமாரி காலியாக இருந்தால், அதற்குக் காரணம் கொழும்பும் இல்லை, ஜகார்த்தாவும் இல்லை. டாலரையும் சுங்கப் படிவத்தையும் தல்லாகுளத்திலிருந்து நம்மால் சரிசெய்ய முடியாது. தேவைக்கு மட்டும் வாங்குவது நம் கையில்தான் இருக்கிறது.